கங்காருவும் நீல்காயும்: ஒரே நோய், இரண்டு விசாரணை

ஸ்ட்ராத்ஃபீல்ட் நகராட்சிக்குள் அடங்கும் ஃபிளெமிங்டன் சந்தைக்கு வாரக்கடைசியில் தமிழ்க் குடும்பங்கள் வெண்டைக்காயும் முருங்கைக்காயும் தேடிப் போகின்றன. 1975இல் காய்கறிச் சந்தை அங்கே வருவதற்கு முன்பு, அந்த நிலம் சிட்னியின் பெரிய கால்நடைச் சந்தையாக இருந்தது. மலைக்கு அப்பாலுள்ள பாத்தர்ஸ்ட், ஆரஞ்ச், டப்போ பக்கமிருந்து சரக்கு ரயிலில் வந்த செம்மறிகள் அங்கேதான் இறங்கின. பெரும்பாலானவை பக்கத்து ஹோம்புஷ் அரசு இறைச்சிக்கூடத்துக்குப் போயின. அந்தக் கூடமும் 1988இல் மூடப்பட்டு, பிறகு ஒலிம்பிக் பூங்காவாகிவிட்டது. தமிழர் இன்று அடர்ந்து வாழும் இந்தப் பகுதி, ஒரு காலத்தில் நியூ சவுத் வேல்ஸின் ஆட்டு வணிகத்துக்கே வாசல். அந்த ரயில் பாதையின் மறுமுனையில், மத்திய மேட்டுநிலத்தில், 1980இல் ஒரு செம்மறிக் கிடையில் ஜோன்ஸ் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. ஆஸ்திரேலியச் செம்மறிகளில் அது முதல் பதிவு.

பாராடியூபர்குளோசிஸ் என்று ஆய்வாளர்கள் எழுதுவதும் கால்நடை மருத்துவர்கள் ஜோன்ஸ் நோய் என்று சொல்வதும் ஒன்றுதான். காசநோய்க் கிருமிக்கு உறவான ஒரு கிருமி சிறுகுடலின் கடைசிப் பகுதியில் குடியேறி, குடல் சுவரைத் தடிக்க வைத்து, தின்ற தீவனம் உடம்பில் ஒட்டாமல் செய்கிறது. 1895இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஹைன்ரிஷ் ஆல்பர்ட் யோனேயும், அமெரிக்காவிலிருந்து வந்திருந்த லாங்டன் ஃபிராத்திங்ஹாமும் ஒரு பசுவின் குடலில் இதை முதலில் கண்டு எழுதினார்கள். கிருமி கன்றுப் பருவத்திலேயே உள்ளே போய்விடுகிறது. சீம்பாலில் போகிறது, சாணம் அப்பிய மடிக்காம்பைச் சப்பும்போது போகிறது, கழிவு கலந்த புல்லிலும் நீரிலும் போகிறது. போன பிறகு இரண்டு ஆண்டு, ஐந்து ஆண்டு, மாட்டில் சில சமயம் பத்து ஆண்டுகூட ஒன்றும் வெளியே தெரியாது. தெரியத் தொடங்கும்போது மாட்டுக்கு நிற்காத கழிச்சல், தாடைக்கடியில் நீர் கோத்த வீக்கம். செம்மறிக்குப் பெரும்பாலும் கழிச்சல்கூடக் கிடையாது. நன்றாக மேய்ந்துகொண்டே நாளுக்கு நாள் இளைக்கும். நம்மூர் ஆட்டுக்காரர் குடற்புழு என்று நினைத்து மருந்து ஊற்றுவார், அல்லது கோடையில் மேய்ச்சல் சரியில்லை என்பார். அந்த ஆடு அதற்குள் பல மாதங்களாகத் தன் புழுக்கையில் கிருமியைச் சிந்தியபடி நடந்திருக்கும். பண்ணைகளில் கையாளத்தக்க, குணமாக்கும் மருந்து எதுவும் இல்லை.

இவ்வளவு மெதுவாகவும் மறைவாகவும் நடக்கும் நோயில், அது எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை தேடுவது கடினம். விடை கிடைக்காத இடத்தில் சந்தேகம் முளைக்கிறது. வேலியைத் தாண்டி வந்து மேய்ந்துவிட்டுப் போகும் காட்டு விலங்கின் மேல் அது எளிதாக விழுகிறது. ஆஸ்திரேலியாவில் அது கங்காருவின் மேல் விழுந்தது, வட இந்தியாவில் நீல்காய் என்ற பெரிய மறிமானின் மேல். இரு நாட்டு ஆய்வாளர்களும் இந்தச் சந்தேகத்தைத் தனித்தனியே ஆராய்ந்தார்கள். இரண்டு ஆய்வுகளும் 2010இல் வெளியாயின. ஒன்றை மற்றொன்றின் பக்கத்தில் வைத்துப் படித்தபோது, கிருமியைப் பற்றி அறிந்ததைவிட அதிகமாக, ஆடு வளர்ப்பவரை ஒரு நாடு எப்படி நடத்துகிறது என்பதை அறிந்தேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

முதலில் கங்காரு. தென் ஆஸ்திரேலியக் கரையை ஒட்டிய கங்காரு தீவில் செம்மறிப் பண்ணைகள் அதிகம். ஜோன்ஸ் நோய் அங்கேயும் வேரூன்றியது. பண்ணைக்குள்ளேயே மேற்குச் சாம்பல் கங்காருவும், முயலைவிடப் பெரிய டம்மார் வாலபியும் கூட்டம் கூட்டமாக மேய்கின்றன. எந்தக் கம்பி வேலியும் அவற்றை நிறுத்தாது. விவசாயியின் அச்சம் நியாயமானதுதான்: நோயுள்ள ஆடுகளையெல்லாம் அகற்றி, நிலத்தைக் காயப்போட்டு, புது ஆடுகளை வாங்கி விட்டாலும், கங்காருவின் வயிற்றிலிருந்து கிருமி திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது? கங்காரு அசைபோடும் விலங்கு அல்ல. ஆனாலும் ஆட்டைப் போலவே முன்வயிற்றில் நுண்ணுயிர்களை வைத்துப் புல்லைப் புளிக்கவைத்துச் செரிக்கிறது. ஆகவே கேள்விக்கு உயிரியல் அடிப்படையும் இருந்தது.

கிளீலண்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் நோயுள்ள பண்ணைகளைச் சேர்ந்த நிலங்களில் நூற்றுக்கணக்கான கங்காருக்களையும் வாலபிகளையும் ஆராய்ந்தார்கள். கிருமி இருந்தது. கங்காருவில் மிக அரிதாக, வாலபியில் சற்றுக் கூடுதலாக. ஆனால் நோயாக முற்றியிருந்த விலங்கைக் காண்பது அபூர்வமாக இருந்தது. ஆட்டுக் கிடை ஒன்றைத் தொடர்ந்து நோயில் வைத்திருக்கும் அளவுக்கு அவை கிருமியைச் சுமக்கின்றன என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. ஆட்டின் புழுக்கை கிடந்த புல்லை மேய்ந்த விலங்கின் குடலில் கொஞ்சம் கிருமி இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்து நீல்காய். உத்தரப் பிரதேசத்தில் மதுராவுக்கும் ஆக்ராவுக்கும் இடையே, ஃபரா அருகில் மக்தூம் என்ற இடத்தில் மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இந்தியாவில் இந்த நோயைப் பற்றி எதைப் படிக்கத் தொடங்கினாலும் அந்த ஊரில்தான் போய் முடிகிறது. சூர் வீர் சிங் என்ற கால்நடை விஞ்ஞானியும் அவரிடம் பயின்ற இளையவர்களும் பல ஆண்டுகள் இதற்கே தங்களைக் கொடுத்தவர்கள். யமுனைக்கும் சம்பலுக்கும் நடுவிலுள்ள எடாவா பகுதிக்குரிய ஜமுனாபாரி ஆடுகளும், பார்பாரி ஆடுகளும் அங்கே வளர்க்கப்படுகின்றன. சுற்றியுள்ள முட்புதர்க் காட்டில் நீல்காய்கள் திரிகின்றன. வயலில் இறங்கி கோதுமையையும் கடுகையும் தின்கின்றன. ஊர் ஆடுகள் மேயும் தரையில்தான் அவையும் மேய்கின்றன. ஒரே இடத்தில் மறுபடி மறுபடி வந்து சாணம் போட்டுக் குவிப்பது நீல்காயின் வழக்கம். ஒரு வகையில் ஆய்வாளருக்கு அது வசதி, மேயும் ஆட்டுக்கு ஆபத்து.

சிங்கின் குழு நீல்காய்களிலும் அங்கே மேய்ந்த வெள்ளாடு, செம்மறிகளிலும் கிருமியைத் தேடியது. எல்லாவற்றிலும் கிடைத்தது. கிடைத்ததும் ஒரே வகை, பைசன் வகை. இந்தப் பெயரைப் பார்த்து நம் மலைகளின் காட்டு மாட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துப் பைசன் மந்தை ஒன்றில் முதலில் அடையாளம் காணப்பட்டதால் வந்த பெயர் அது.

இந்த இடத்தில் இரண்டு ஆய்வும் ஒன்றையொன்று தொடுகின்றன. கிருமியின் வகையைப் பிரித்தறியும் சோதனையை 1999இல் வெளியிட்டவர்கள் இயன் மார்ஷ், ரிச்சர்ட் விட்டிங்டன், டெபி கசின்ஸ் ஆகியோர். அந்தப் பணியின் மையம் ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து தென்மேற்கே ஒரு மணி நேரக் கார் தூரத்திலுள்ள மெனாங்கிளில், எலிசபெத் மெக்கார்தர் வேளாண் நிறுவனம். ஆஸ்திரேலிய மெரினோ ஆட்டு வளர்ப்பின் தொடக்கக் கதையில் வரும் கேம்டன் பார்க் பண்ணையின் நிலத்தில்தான் அந்த நிறுவனம் எழுந்தது. கிருமியின் டிஎன்ஏவில் குறிப்பிட்ட ஒரு துண்டைப் பெருக்கி, நொதியால் வெட்டி, துண்டுகள் விழும் ஒழுங்கைப் பார்த்து இது செம்மறி வகையா, மாட்டு வகையா, பைசன் வகையா என்று சொல்லிவிடலாம். ஆஸ்திரேலியாவுக்கு இது உடனடித் தேவையாக இருந்தது: ஆட்டுக் கிருமி மாட்டுக்குப் பாய்கிறதா என்பதில்தான் வணிக விதிகளே தொங்கிக்கொண்டிருந்தன. அதே முறை மக்தூமுக்குப் போனபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. இந்திய வெள்ளாடுகளின் கிருமி பைசன் வகை என்று 2005இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. பிறகு செம்மறி, பசு, எருமை என்று பார்த்த இடமெல்லாம் பெரும்பாலும் அதுவே.

இப்போது விசாரணையின் சிக்கலுக்கு வருகிறேன். ஆட்டிலும் காட்டு விலங்கிலும் ஒரே வகைக் கிருமி இருந்தால், யார் யாருக்குக் கொடுத்தார்கள்? ஆஸ்திரேலியாவில் இதற்கு வரலாறு விடை சொல்கிறது. 1788க்கு முன் அந்தக் கண்டத்தில் ஆடும் இல்லை, மாடும் இல்லை. கப்பலில் வந்தவை அவை. செம்மறி வகைக் கிருமி வாலபியின் குடலில் தென்பட்டால், அது செம்மறியிடமிருந்து போனது என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை. இந்தியாவில் அப்படி ஒரு தொடக்க நாள் கிடையாது. ஆடும் மாடும் மானும் பல ஆயிரம் ஆண்டுகள் ஒரே குளத்தில் நீர் குடித்திருக்கின்றன. மதுராவின் முடிவு, கிருமி இரு பக்கமும் இருக்கிறது என்பதை உறுதியாகச் சொல்கிறது. திசையைச் சொல்ல அந்தச் சான்று போதாது. ஆய்வைப் படிப்பவர்களில் பலர் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், நீல்காய் ஆட்டுக்கு நோய் பரப்புகிறது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பயிர் தின்பதால் ஏற்கெனவே நீல்காயின் மேல் வெறுப்பிருக்கும் ஊர்களில் அந்த ஒரு வரிக்கு விலை அதிகம். பீகாரில் அதைத் தொல்லை விலங்காக அறிவித்துச் சுட அனுமதித்தது நினைவிருக்கும். கங்காருவுக்கும் இதே கதிதான். மேய்ச்சல் போட்டிக்காக அதைக் கொல்ல விரும்புகிறவருக்கு நோய் இன்னொரு காரணமாகிறது. நோய் என்ற சொல் வருவதற்கு முன்பே பகை இருந்தது என்பதை இரண்டு ஊர்களிலும் காண்கிறேன்.

காட்டு விலங்கு எப்போதும் குற்றமற்றது என்று நான் வாதாடவில்லை. ஸ்காட்லாந்தில் காட்டு முயல்கள் இந்தக் கிருமியை ஏராளமாகச் சுமந்து பண்ணைப் புல்லில் சிந்துவதை 1990களின் இறுதியில் நிறுவினார்கள். அங்கே முயலைக் கணக்கில் எடுக்காமல் நோயைக் கட்டுப்படுத்த முடியாது. கலிபோர்னியாவின் பாயின்ட் ரேய்ஸில் நடந்தது இதற்கு நேர்மாறு: 1978இல் அங்கே மறுகுடியேற்றம் செய்யப்பட்ட டூலே எல்க் மான்கள், முன்பு கறவை மாடுகள் மேய்ந்த நிலத்திலிருந்து நோயை வாங்கிக்கொண்டன. ஓரிடத்தின் விடையை இன்னோரிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. குடலைத் திறந்து, திசுவைப் பார்த்து, கழிவில் கிருமி எவ்வளவு என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கங்காரு தீவில் அதைச் செய்தார்கள். சுடப்பட்ட விலங்குகளைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு அங்கே இருந்தது. பெயரிலேயே பசுவைச் சுமக்கும் நீல்காயை மதுராவில் அப்படிச் செய்வது எளிதல்ல. உயிரோடிருக்கும் விலங்கின் சாணத்தைப் பொறுக்கித்தான் பெரும்பாலும் வேலை நடக்கும். மதுரா ஆய்வின் முடிவைக் குறை சொல்வதற்கு முன் அந்தக் கட்டுப்பாட்டையும் எடைபோட வேண்டும்.

சரி, கங்காரு பெரிய குற்றவாளி இல்லை என்றால் ஆஸ்திரேலியாவில் நோயைப் பரப்பியது யார்? ஆட்டை வாங்கி விற்றவர்கள்தான். அறிகுறி இல்லாத ஆடு சந்தையில் நல்ல ஆடாகத்தான் விலை போகும். மேட்டுநிலத்திலிருந்து மாநிலத்தின் தெற்குக்கும், அங்கிருந்து விக்டோரியாவுக்கும், கடல் தாண்டி கங்காரு தீவுக்கும் அது லாரியிலும் படகிலும் போயிற்று. 1998இல் ஆறாண்டுத் தேசியத் திட்டம் ஒன்று தொடங்கியது. மதிப்பு ஏறக்குறைய 4 கோடி டாலர். ஆய்வுக்குப் பணம் தாராளமாகக் கிடைத்தது. ஐம்பது ஆடுகளின் புழுக்கையை ஒன்றாகச் சேர்த்து ஒரே சோதனையில் பார்க்கும் முறை அப்போது வளர்ந்தது. இறைச்சிக்கூடங்களில் ஆய்வாளர்கள் குடலின் கடைசிப் பகுதியைக் கையால் தடவிப் பார்த்து, தடித்திருந்தால் மாதிரி எடுத்து, அது எந்தப் பண்ணையின் ஆடு என்று தேடிப் போனார்கள். கண்காணிப்பில் இதற்கு இணையான ஒன்றை எந்தச் செம்மறி நாடும் செய்ததில்லை என்று துணிந்து சொல்லலாம்.

கண்டுபிடித்த பிறகு நடந்ததுதான் கசப்பு. நோயுள்ள பண்ணை என்று பட்டியலில் ஏறியவர் வளர்ப்புக்கு ஆடு விற்க முடியாது. அடிமாட்டு விலைதான். சில பண்ணைகளில் தலைமுறைகளாகப் பெருக்கிய கிடையையே முழுதாக அகற்றினார்கள். அக்கம்பக்கத்தார் பேச்சைக் குறைத்தார்கள். ஆட்டைச் சோதித்து உண்மையைச் சொன்னவர் நட்டமடைய, சோதிக்காமலே இருந்தவர் சந்தையில் தலைநிமிர்ந்து நின்றார். அதனால் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல ஆய்வாளர் தேவையில்லை: பலர் சோதிக்கவே விரும்பவில்லை. தெற்கு நியூ சவுத் வேல்ஸில் நோய் முற்றிய 12 பண்ணைகளை 2002 முதல் மூன்றாண்டு பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், இந்த ஒரு நோயால் மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக நூற்றுக்கு ஆறிலிருந்து எட்டு வளர்ந்த ஆடுகள் செத்தன. சில பண்ணைகளில் அது நூற்றுக்குப் பதினைந்தைத் தாண்டியது. இவ்வளவு ஆடு சாகும்போதும் வாயைத் திறக்க ஒருவர் அஞ்சுகிறார் என்றால் விதி எங்கோ பிழைபட்டிருக்கிறது.

ஆஸ்திரேலியா இதைப் பிறகு உணர்ந்தது. செம்மறிகளுக்கான கட்டாயக் கட்டுப்பாடுகள் பெருமளவில் 2013இல் தளர்ந்தன. மாடுகளுக்கு 2016இல். அதற்கு முன், 2012இன் இறுதியில் மத்திய குயின்ஸ்லாந்தின் ஒரு பிராமன் இனப் பண்ணையில் நோய் தெரியவந்து, அங்கிருந்து மாடு வாங்கிய நூற்றுக்கும் மேற்பட்ட பண்ணைகள் முடக்கப்பட்டன. அங்கே கிடைத்ததும் பைசன் வகைக் கிருமி. அந்த முடக்கத்தின் வலிதான் மாட்டுக்கான விதிகளை மாற்றும் வேகத்தைக் கொடுத்தது என்று நினைக்கிறேன். இப்போது பொறுப்பு விற்பவர், வாங்குபவர் கையில்: விற்பவர் ஆட்டின் நிலையை எழுதிக் கையெழுத்திட்ட அறிக்கை தருகிறார், வாங்குபவர் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

இந்தியாவில் ஒழிப்புத் திட்டம் என்று ஒன்று இந்த நோய்க்குத் தொடங்கப்படவே இல்லை. தொடங்கியிருந்தாலும் ஆஸ்திரேலியப் பாதையில் போயிருக்க முடியாது. உத்தரப் பிரதேசத்தில் 1955ஆம் ஆண்டுச் சட்டம் பசுவைக் கொல்லத் தடை செய்கிறது. நோயுள்ள மாட்டை விற்க முடியாதவர் கட்டி வைத்திருப்பார், அல்லது தெருவில் விட்டுவிடுவார். ஆட்டுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் ஐந்து ஆடு வைத்திருக்கும் பெண்ணிடம் போய், இரண்டைக் கொன்றுவிடு என்று இழப்பீடு இல்லாமல் யார் சொல்வது? பிள்ளையின் கட்டணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் அந்த வீட்டில் இருக்கும் ஒரே இருப்பு அந்த ஆடுகள்தான். மெலியத் தொடங்கியதும் சந்தைக்கு ஓட்டுவார். அது இன்னொரு வீட்டுக்குப் போகும்.

ஆகவே இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் எதிரெதிர்த் திசையிலிருந்து நடந்துவந்து தடுப்பூசி என்ற ஒரே இடத்தில் சந்தித்தன. ஸ்பெயினில் தயாராகும் குடேர் தடுப்பூசியை ஆஸ்திரேலியா 1999இல் மூன்று நியூ சவுத் வேல்ஸ் பண்ணைகளில் சோதிக்கத் தொடங்கியது. இறப்பு ஏறக்குறைய 90 சதவீதம் குறைந்தது. கழிவில் கிருமி சிந்துவதும் வெகுவாகக் குறைந்து, தள்ளிப்போயிற்று. 2002இல் அது பதிவானது. குட்டிக்குக் காதுக்குப் பின்னால் கழுத்தில் ஒரே ஊசி. போடுகிறவரின் விரலில் தவறிக் குத்தினால் மாதக்கணக்கில் ஆறாத புண்ணாகும். அறுவை செய்யும் நிலைகூட வரும். ஆனாலும் விவசாயிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், ஏனென்றால் அது யாரிடமும் போய் எதையும் ஒப்புக்கொள்ளச் சொல்லவில்லை.

மக்தூமில் நடந்ததை இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சரியாக அறியப்படவில்லை. சாகும் தறுவாயிலிருந்த ஒரு ஜமுனாபாரி ஆட்டிலிருந்து எடுத்த எஸ்5 என்ற கிருமியைக் கொன்று, அதிலிருந்து சொந்தமாக ஒரு தடுப்பூசி செய்தார்கள். அதைக் குடேரோடு ஒப்பிட்ட சோதனை 2007இல் வெளியானது. தடுப்பூசி இல்லாத ஆடுகளைவிட இரண்டும் மேல். இரண்டில், இந்திய ஆடுகளுக்கு இந்தியக் கிருமியிலிருந்து செய்தது நன்றாக வேலை செய்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. அதைவிட முக்கியமானது, யாருக்கு அதைப் போட்டார்கள் என்பது. ஆஸ்திரேலியாவில் தடுப்பூசி குட்டிகளுக்கு. மக்தூம் குழு ஏற்கெனவே நோயில் விழுந்த, எலும்பு தெரியும் ஆடுகளுக்கும் போட்டுப் பார்த்தது. கழிச்சல் குறைந்தது, எடை ஏறியது என்று எழுதினார்கள். ஒரு விஞ்ஞானி நோயுற்ற ஆட்டுக்குத் தடுப்பூசியை மருந்தாகப் போடத் துணிவது, அந்த ஆட்டைக் கொல்ல முடியாத வீட்டை அவர் அறிந்திருப்பதால்தான். அது அரிய இன ஆடு என்பதும் காரணம். ஆய்வின் முறை பற்றிக் கேள்விகள் எழுப்பலாம். ஆடுகளின் எண்ணிக்கையைக் கூட்டி, வேறு நிறுவனங்கள் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். ஆனால் நோயுற்ற ஆட்டுக்குத் தடுப்பூசி உதவுமா என்ற கேள்வியைக் கேட்டது மதுரா. சிட்னிக்கு அதைக் கேட்கும் தேவை எழவில்லை.

மனிதருக்கு இதனால் என்ன என்று படிப்பவர் கேட்பார். குடல் அழற்சி வகைகளில் ஒன்றான குரோன் நோய்க்கும் இந்தக் கிருமிக்கும் தொடர்பு உண்டா என்ற விவாதம் நூறாண்டு பழையது. 2007இல் வார்விக் செல்பி தலைமையில் ஆஸ்திரேலியாவில் 213 நோயாளிகளுக்கு இந்தக் கிருமியைக் குறிவைத்த மூன்று மருந்துகளை இரண்டாண்டு கொடுத்துப் பார்த்த முடிவு வெளியானது. முதல் நான்கு மாதங்களில் பயன் தெரிந்தது, நிலைக்கவில்லை. தொடர்பு இன்றுவரை நிறுவப்படவில்லை. பாலைப் பொங்கக் காய்ச்சும் நம் வழக்கம் நல்லது. அதைத் தாண்டி அஞ்சத் தேவையில்லை.

தமிழ்நாட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஒப்பீடு எனக்கு முழுமையாகாது. விட்டிங்டன் குழுவின் இன்னொரு ஆய்வு, கிருமி நிலத்தில் எவ்வளவு காலம் உயிரோடிருக்கும் என்று பார்த்தது. முழு நிழலுள்ள உலர்ந்த இடத்தில் 55 வாரம் வரை. வெயில் படும் இடத்தில் வெகு சீக்கிரம் அழிந்தது. இதைப் படித்தபோது இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் ஆட்டு மந்தையோடு ஊர் ஊராகப் போகும் கீதாரிகளை நினைத்தேன். அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டு, சில நாளில் அடுத்த வயலுக்கு நகர்ந்துவிடுகிறார்கள். புழுக்கை சித்திரை வெயிலில் காய்கிறது, பிறகு உழவில் புரள்கிறது. வளர்ந்த ஆட்டுக்கு இந்த வாழ்க்கை கிருமியிடமிருந்து ஓரளவு விலகல் தருகிறது. ஆனால் இளங்குட்டிகளை வெயிலுக்கும் நரிக்கும் பயந்து கூடாப்பு என்ற மூடுகூட்டுக்குள் அடைக்கிறார்கள். நிழலும் நெரிசலும் அங்கேதான், தொற்றும் வயதும் அதுதான். கொட்டகையில் கட்டி வளர்க்கும் பண்ணைகளில், தீவனத்தைத் தரையில் போடும் இடங்களில், இது இன்னும் மோசம். பரண் அமைத்து, தீவனத்தைத் தொட்டியில் உயர்த்தி வைத்து, தாயின் மடியைக் கழுவிவிட்டுக் குட்டியை ஊட்ட விட்டாலே பாதி வேலை முடியும். இதற்குத் தடுப்பூசிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

காட்டோரத்துச் சண்டையும் நம்மிடம் உண்டு. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காட்டுக்குள் மாடு மேய்ப்பதைத் தடை செய்து, பிறகு அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருக்கியது. மலைமாட்டுக்காரர்களுக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை. மாட்டால் காட்டு விலங்குக்கு நோய் பரவும் என்ற வாதம் ஒரு பக்கம், காட்டு மாட்டால் தொழுவத்துக்கு நோய் வரும் என்ற பேச்சு மறுபக்கம். கங்காரு தீவில் செய்ததைப் போலச் சாணத்தையும் திசுவையும் பார்க்காமல் இரண்டு பேச்சையும் நம்பக்கூடாது என்பது என் கருத்து. தீர்ப்பு எழுதுவதற்கு முன் மாதிரி எடுக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது என்பதற்கு ஆஸ்திரேலிய இறைச்சிக்கூடத்து அனுபவம் வழி காட்டுகிறது. அங்கே குடலின் கடைசி முழத்தைத் தடவிப் பார்க்கச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்தார்கள். நம்மூரில் ஒவ்வொரு ஆட்டுக் குடலும் ஏற்கெனவே ஒரு மனிதரின் கையில் புரள்கிறது. போட்டி என்றும் குடல்கறி என்றும் நாம் விரும்பித் தின்பதால், நகராட்சி ஆட்டுத்தொட்டிகளிலும் கறிக்கடைப் பின்கட்டுகளிலும் அதை அங்குலம் அங்குலமாகப் புரட்டிக் கழுவுகிறார்கள், பெரும்பாலும் பெண்கள். மடிப்பு மடிப்பாகத் தடித்துக் கிடக்கும் குடலுக்கும் மெல்லிய குடலுக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் விரல் அறியாமல் இருக்காது. அவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி, தடித்த குடலில் ஒரு துண்டை எடுத்துவைக்க ஒரு சிறு குப்பி, கொடுக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தொகை, அதைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வகத்துக்குக் கொண்டுபோக ஒரு ஏற்பாடு. ஆடு எந்தச் சந்தையிலிருந்து வந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும், எந்த வீட்டிலிருந்து என்பதைக் கேட்கக்கூடாது. சந்தையின் பெயர் போதும், நோய் எந்த வட்டாரத்தில் கனமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. அந்த வட்டாரத்துக் குட்டிகளுக்கு எஸ்5 தடுப்பூசியை முதலில் கொண்டுபோக.